உச்சி வெயிலில் முடியும் பாடசாலை

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடையே ஒடுங்கிய மணல் நிலமாக நீண்டு கிடப்பது எழுவான்கரை. வாவியின் மேற்கே வயல்களோடும் குளங்களோடும் திறந்த வெளியாக விரிவது படுவான்கரை. ஏறத்தாழ 7.7 பாகை வட அகலாங்கில் அமைந்த இவ்விரு கரைகளின் மேலும் சூரியன் ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரலின் முற்பகுதியிலும் செப்டெம்பரின் தொடக்கத்திலும், நேர் உச்சியில் நிற்கிறது. அந்நாட்களை வளிமண்டலவியல் திணைக்களம் ஊர்ப் பெயர்களோடு முன்கூட்டியே அறிவிக்கிறது, பத்திரிகைகளும் வெளியிடுகின்றன. ஆயினும் சூரியனின் நாளாந்தப் போக்கும் பாடசாலையின் நேரசூசியும் எங்கே எதிரெதிராக முட்டிக்கொள்கின்றன என்பது கல்வித் துறையில் முறையாக ஆராயப்பட வேண்டிய கேள்வியாகவே இருந்துவருகிறது.

இலங்கையின் அரச பாடசாலைகள் காலை 7.30 மணிக்குத் தொடங்கிப் பிற்பகல் 1.30 மணிக்கு முடிகின்றன. மட்டக்களப்பில் சூரியன் வானில் மிக உயரத்தை எட்டும் நேரம் பருவத்துக்கேற்பச் சிறிது மாறினாலும் நண்பகல் 12 மணியை ஒட்டியே அமைகிறது. ஒரு நாளில் நிலத்தை அடையும் புறஊதாக் கதிர்களில், அதாவது கண்ணுக்குத் தெரியாமல் தோலையும் விழியையும் தாக்கும் குறுகிய அலைநீளக் கதிர்களில், ஏறத்தாழ 60 வீதம் காலை 10 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் இடையில் வந்து சேர்கிறது என்பதை இதனோடு சேர்த்துப் பார்த்தால், பாடசாலை நாளின் பின்பாதி முழுவதும் அந்த நான்கு மணி நேரத்துக்குள்ளேயே அடங்கிவிடுவது தெளிவாகும். முன்பள்ளிகளோ முற்பகலின் இறுதியிலேயே விட்டுவிடுகின்றன. ஆகவே வயதில் மிகச் சிறியவர்கள், மூன்று முதல் ஐந்து வயது வரையானவர்கள், வெயில் மிகக் கடுமையாக இருக்கும் வேளையிலேயே வீதிக்கு வருகிறார்கள். குருக்கள்மடத்திலோ குருமண்வெளியிலோ பாதைக்காக, அதாவது வாவியைக் கடக்கும் தட்டையான படகுக்காக, காத்துநிற்கும் குடும்பத்துக்கு அந்த நேரம் இன்னும் நீள்கிறது.

வாவிக்கரையில் வெயில் இரு வேறு விதமாக வேலை செய்கிறது. மார்ச், ஏப்ரல் மாதங்களில் காற்று அடங்கி ஈரப்பதன் மிகும்போது வியர்வை ஆவியாகாமல் உடலிலேயே தங்கிவிடுவதால் உடல் குளிர வழியில்லாமல் போகிறது. வெப்பநிலையையும் ஈரப்பதனையும் சேர்த்து உடல் உணரும் வெப்பத்தை மதிப்பிடும் வெப்பச் சுட்டெண் இந்நிலைமையை நன்கு காட்டும். மே மாதத்துக்குப் பின் வீசும் கச்சான் காற்று வேறு வகையானது. தென்மேற்குப் பருவக்காற்று மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டுக் கிழக்குச் சரிவில் இறங்கும்போது, ஒவ்வொரு 100 மீற்றர் இறக்கத்துக்கும் ஏறத்தாழ ஒரு பாகை செல்சியஸ் என்ற அளவில் சூடேறி, வறண்ட அனலாகப் படுவான்கரை வயல்களைக் கடந்து வாவிக்கு வருகிறது. அக்காற்றில் வியர்வை உடனுக்குடன் காய்ந்துவிடுவதால் பிள்ளை வியர்ப்பதே பிறருக்குத் தெரிவதில்லை. உடலின் நீர் மட்டும் குறைந்துகொண்டே போகிறது. வெப்ப எச்சரிக்கைகளை மார்ச், ஏப்ரல் மாதங்களின் செய்தியாக மட்டுமே கருதும் பழக்கம் மட்டக்களப்புக்குப் பொருந்தாததற்கு இதுவே காரணம். இப்பிரதேசத்தின் கடுங்கோடை இரண்டாம் தவணையில் வருகிறது.

இவ்விரு வெப்பங்களையும் சிறு பிள்ளையின் உடல் பெரியவரின் உடலைப் போல் தாங்குவதில்லை. எடையோடு ஒப்பிடும்போது அதன் தோற்பரப்பு அதிகம் என்பதால், சூழலின் வெப்பம் தோலின் வெப்பத்தை மிஞ்சும் நாட்களில் அது வெளியிலிருந்து வெப்பத்தை விரைவாக ஏற்கிறது. வியர்வைச் சுரப்பிகளின் செயலும் முழு வளர்ச்சி அடைந்திருப்பதில்லை. விளையாட்டு மும்முரத்தில் தாகம் மறந்துபோகும். தலைவலியையோ மயக்கத்தையோ சொல்லத் தெரியாத வயது அது. ஆசிரியர் நிற்கச் சொன்ன இடத்தைவிட்டு நகரக் கூடாது என்ற ஒழுக்கத்தை முதன்முதலாகக் கற்றுக்கொள்ளும் வயதும் அதுவே.

2024ஆம் ஆண்டின் கல்வியாண்டு பெப்ரவரி 19ஆம் திகதி தொடங்கி அதிக நாட்கள் செல்லுமுன்னரே, கடும் வெப்பம் காரணமாக மாணவரின் வெளிக்களச் செயற்பாடுகளைக் கட்டுப்படுத்துமாறு கல்வி அமைச்சு பாடசாலைகளுக்கு அறிவுறுத்தல் வழங்கியது. அது தேவையான, பாராட்டத்தக்க நடவடிக்கை. எனினும் அத்தகைய அறிவுறுத்தல்கள் இல்ல விளையாட்டுப் போட்டி, அணிநடைப் பயிற்சி முதலிய பெரிய நிகழ்வுகளையே முதலில் கருதுகின்றன. வெப்பம் தணிந்ததும் அவற்றின் வேலையும் முடிந்துவிடுகிறது. எந்தப் போட்டியும் இல்லாத சாதாரண நாளின் வெயிலைக் குறித்து நிலையான விதி வேண்டும். காலைக் கூட்டம் உரைகளாலும் அறிவித்தல்களாலும் நீளும்போது அணியின் முன்வரிசையில் நிற்பவர்கள் ஆரம்பப் பிரிவினரே. அதைவிட வருத்தத்துக்குரியது விருந்தினர் வரவேற்பு. பிரதம அதிதி வரும் வழியின் இருபுறமும் கொடியோடும் மாலையோடும் சின்னஞ்சிறுவர்களை நிறுத்திவைப்பதும், அதிதி பிந்தி வரும்போது அவர்கள் வெயிலிலேயே காத்திருப்பதும், பந்தலின் நிழல் முழுவதும் பெரியவர்களின் கதிரைகளுக்கே போய்ச்சேர்வதும் எவரும் வெறுப்பால் செய்பவை அல்ல; மரியாதை என்ற பெயரில் பழகிப்போனவை. ஆனால் பழக்கம் என்பது பிள்ளையின் உடலுக்கு எந்தப் பாதுகாப்பையும் தருவதில்லை. நிழலில் நடத்த முடியாத வரவேற்பை ஒரு வலயக் கல்வி அலுவலகம் ஒரே சுற்றுநிருபத்தால் நிறுத்திவிடலாம். அதற்கு ஒரு ரூபாயும் செலவில்லை.

வெளிநாடுகளின் அனுபவத்தைப் பின்பற்றும்போது நிதானம் தேவை. தோற்புற்றுநோய் மிகுந்த அவுஸ்திரேலியா 1981இல் தொடங்கிய விழிப்புணர்வு இயக்கத்தின் தொடர்ச்சியாக, தொப்பி அணியாத பிள்ளை நிழலிலேயே விளையாட வேண்டும் என்ற விதியைப் பாடசாலைகளில் வேரூன்றச் செய்தது. வெண்தோல் உடையோரை நோக்கி வகுக்கப்பட்ட அத்திட்டத்தில் வெயில்தடுப்புக் களிம்புக்குப் பெரிய இடம் உண்டு. மெலனின் என்னும் நிறமி மிகுந்த தோலுக்குப் புறஊதாக் கதிரால் வரும் புற்றுநோய் ஆபத்து மிகக் குறைவு என்பதால், நாட்கூலியில் வாழும் மீனவக் குடும்பத்தையோ விவசாயக் குடும்பத்தையோ விலையுயர்ந்த களிம்பை வாங்கச் சொல்வதில் நியாயமில்லை. நிறமி இல்லாமல் பிறந்த பிள்ளைகளுக்கு மட்டும் அது மருந்துக்கு நிகரான அவசியப் பொருள், அதை இலவசமாக வழங்குவது சுகாதாரத் துறையின் கடமை. ஆனால் கண்ணுக்குத் தோலின் நிறம் காவலாக அமைவதில்லை. சிறுவரின் விழிவில்லை புறஊதாக் கதிரைப் பெரியவரின் வில்லையைவிடக் கூடுதலாக உள்ளே விடுகிறது. வெண்விழியிலிருந்து கருவிழியின் மேல் படரும் சதை வளர்ச்சியும் முதுமையில் வரும் கண்புரையும் வாழ்நாள் முழுவதும் சேரும் வெயிலோடு தொடர்புடையவை. உலர்ந்த கடற்கரை மணல் தன் மீது விழும் புறஊதாக் கதிரில் ஏறத்தாழ 15 வீதத்தைத் திருப்பி அனுப்புவதால், எழுவான்கரையின் மணல் முற்றங்களில் வெயில் கீழிருந்தும் கண்ணில் படுகிறது. ஆகவே அவுஸ்திரேலியாவிடமிருந்து கடன்வாங்கத் தக்கது தொப்பி. குறைந்தது 5 சென்ரிமீற்றர் அகலமான விளிம்பு சுற்றிலும் உள்ள துணித் தொப்பி, சீருடையின் ஒரு பகுதியாக.

பிள்ளைகளை வகுப்பறைக்குள் அடைத்துவைத்தால் சிக்கல் தீரும் என்று எண்ணுவது மற்றொரு தவறாக முடியும். சீனாவின் குவாங்சோ நகரப் பாடசாலைகளில் நடத்தப்பட்டு 2015இல் வெளியான ஆய்வு, நாளொன்றுக்கு மேலதிகமாக 40 நிமிடம் வெளியில் கழித்த ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளிடையே கிட்டப்பார்வை உருவாவது குறைந்ததைக் காட்டியது. கிட்டப்பார்வையைத் தடுக்கத் தேவையான வெளிச்சம் மர நிழலிலேயே பெரும்பாலும் கிடைத்துவிடுகிறது என்பது பின்வந்த ஆய்வுகளின் துணிபு. மேலும், தகரம் வேய்ந்த வகுப்பறை நண்பகலில் ஓர் அடுப்பைப் போலக் கீழ்நோக்கி வெப்பத்தை வீசும்போது, மரத்தடியே அதைவிடக் குளிர்ந்த இடம்.

அம்மரத்தடி பல பாடசாலைகளில் இல்லை. 1978 நவம்பரில் வீசிய சூறாவளி மட்டக்களப்பின் தென்னைகளையும் பெருமரங்களையும் சாய்த்தது. 2004 டிசம்பர் 26ஆம் திகதிய கடற்கோள் கரையோரத்தைத் துடைத்தெடுத்தது. கட்டடங்கள் மீண்டும் எழுந்தன. அவற்றைச் சூழ்ந்திருந்த நிழலை மீட்பதற்கு அதே அளவு பணமோ கவனமோ கிடைக்கவில்லை. கரையோரத்தில் நடப்பட்ட சவுக்கு மணலையும் காற்றையும் தடுக்கும். ஊசிபோன்ற அதன் இலைகளின் கீழ் அடர்ந்த நிழல் விழாது. புறஊதாக் கதிரில் பெரும்பங்கு சூரியனிலிருந்து நேராக வராமல் வானத்தில் சிதறி எல்லாத் திசைகளிலிருந்தும் வருவதால், சிறு கூரையின் ஓரத்தில் நிற்பதைவிட, வானத்தையே மறைக்கும் அகன்ற கிளைப்பரப்பின் கீழ் நிற்பது நல்லது. உவர்மண்ணையும் கடற்காற்றையும் தாங்கும் பூவரசும், வறட்சியைத் தாங்கும் வேம்பும், விரிந்து கவியும் வாகையும் இந்நிலத்துக்கு அறிமுகமானவை.

தண்ணீரைப் பொறுத்தவரை, 2019இல் கேரளப் பாடசாலைகள் தொடங்கி 2025இல் தமிழ்நாடும் ஏற்றுக்கொண்ட தண்ணீர் மணி, அதாவது எல்லாப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் நீர் அருந்துவதற்கென அடிக்கப்படும் மணி, உடனே கைக்கொள்ளத் தக்கது. வாவியோரக் கிணறுகள் பல உவர்ப்பானவை என்பதால் குழாய் நீர் எட்டாத பாடசாலைகளுக்கு நல்ல நீரைக் கொண்டுவந்து கொடுத்த பின்பே அந்த மணி பயன் தரும். கழிப்பறை சீராக இல்லாவிட்டால் சிறுமிகள் நீர் அருந்தத் தயங்குவார்கள் என்பதையும் சேர்த்தே திட்டமிட வேண்டும்.

மரநடுகை விழாக்கள் இப்பிரதேசத்துக்குப் புதியவை அல்ல. நவம்பர் மழையில் நடப்படும் கன்று மார்ச் வரை செழிக்கும். அதன் உண்மையான சோதனை ஜூனில் கச்சான் தொடங்கும்போது வருகிறது, ஓகஸ்ட் விடுமுறையில் பாடசாலை பூட்டிக்கிடக்கும்போது முற்றுகிறது. அவிழ்த்துவிட்ட மாடுகளும் ஆடுகளும் வேலியில்லாத வளவுக்குள் வருவதும் அப்போதுதான். எனவே மட்டக்களப்பு, மட்டக்களப்பு மத்தி, மட்டக்களப்பு மேற்கு, கல்குடா, பட்டிருப்பு ஆகிய ஐந்து கல்வி வலயங்களும் கன்றுகளின் எண்ணிக்கையை அறிக்கையிடுவதைவிட, ஒவ்வொரு கன்றுக்கும் மூன்று கோடைகள் வரை கூடு கட்டவும், விடுமுறை நாட்களில் நீர் ஊற்றும் ஒருவருக்குக் கூலி கொடுக்கவும் பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களின் வரவுசெலவில் தனி ஒதுக்கீடு செய்ய அனுமதிக்க வேண்டும். புதிய கட்டடத்துக்காக வளவிலுள்ள பெருமரத்தை வெட்டக் கோரும் வரைபடத்தை, மாற்று இடம் காட்டப்படும் வரை ஏற்காதிருக்கவும் வேண்டும்.