பயப்பட வேண்டியது புயலுக்கு அல்ல

கப்பல் இன்ஜினியராகக் காலம் தள்ளிய என்னிடம், சொகுசுக் கப்பலில் டிக்கெட் போட்ட சொந்தக்காரர்கள் கேட்பதெல்லாம் புயலையும் பனிப்பாறையையும் பற்றித்தான். டைட்டானிக் படம் செய்த வேலை! நான் கோஸ்டா கான்கார்டியா என்ற சொகுசுக் கப்பலைச் சொல்வேன். 2012 ஜனவரி 13 இரவு, இத்தாலியின் ஜில்யோ தீவருகே கடல் அமைதியாகத்தான் இருந்தது. தீவை ஒட்டிப் போய் வணக்கம் வைக்கக் கேப்டன் ஆசைப்பட்டார். பாறை அடிவயிற்றைக் கிழித்தது. இன்ஜின் அறையில் வெள்ளம். பயணிகளுக்கோ, கரண்ட் கோளாறு என்று அறிவிப்பு. கப்பலைக் கைவிடும் உத்தரவு வர ஒரு மணி நேரத்துக்கும் மேலானது. அதற்குள் கப்பல் சாய, ஒரு பக்கத்துப் படகுகள் பலவற்றை இறக்கவே முடியவில்லை. 32 பேர் போனார்கள்.

அன்று மாலை ஏறியவர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சியே நடக்கவில்லை. விதியில் 24 மணி நேர அவகாசம் இருந்தது. 2015 முதல், புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ நடத்தியாக வேண்டும். அந்த நேரம் பார்த்துத்தான் நம் ஆட்கள் பஃபேயில் வரிசை கட்டுகிறார்கள். பல கப்பல்களில் இப்போது வீடியோ பார்த்துவிட்டு, கூடுமிடத்தில், அதாவது ஆபத்தில் பயணிகள் ஒன்றுசேர வேண்டிய இடத்தில், தலைகாட்டினால் போதுமாம். எனக்கு இது பிடிக்கவில்லை. ஏழு சிறு ஊதல், ஒரு நீள ஊதல்: அதுதான் அபாயச் சங்கு. அறையிலிருந்து கூடுமிடம் வரை ஒருமுறை நடந்து பாருங்கள். படிக்கட்டில், லிஃப்டில் அல்ல.