சேவைக்கு எல்லை இல்லை, பணிக்கு உண்டு

'சமூக சேவை', 'சமூகப்பணி' என்ற இரண்டு சொற்களையும் நாம் ஒரே பொருளில் வழங்கி வருகிறோம். சேவை செய்கிறவரிடம் நல்ல மனம் இருந்தால் போதும் என்று விட்டுவிடுகிறோம். பணி செய்கிறவரிடமோ கணக்குக் கேட்கலாம். 1936இல் பம்பாயில் டாட்டா பெயரால் அமைந்த பள்ளியும், 1952இல் மேரி கிளப்வாலா ஜாதவ் முயற்சியால் சென்னையில் எழுந்த சமூகப்பணிப் பள்ளியும் இத்துறையைப் பயிற்சிக்குரிய தொழிலாக்கின. ஆயினும் வழக்கறிஞருக்கும் மருத்துவருக்கும் உள்ளதுபோல் சமூகப்பணி முழுமைக்குமான சட்டபூர்வ மன்றம் இந்தியாவில் இன்றுவரை இல்லை. சமூகப்பணி ஆசிரியர்கள் 1997இல் வெளியிட்ட அறநெறிப் பிரகடனம் உண்டு. மீறியவரைக் கேட்கும் அதிகாரம் அதற்கு இல்லை. எனவே களத்தில் நிற்கும் முதுகலை மாணவரின் நடத்தை, கல்லூரியின் அறிவுரையையும் அவருடைய மனச்சான்றையும் மட்டுமே நம்பியிருக்கிறது.

இந்த நம்பிக்கை போதாது என்பதை ஜவ்வாது மலை போன்ற ஓரிடத்தில் வைத்துப் பார்த்தால் விளங்கும். போளூர் வழியாகவும் ஆலங்காயம் வழியாகவும் ஜமுனாமரத்தூருக்கு மலையேறுகிற மாணவர்கள், தமிழகத்தின் மிகப் பெரிய பழங்குடியான மலையாளி மக்களிடையே சில நாட்களோ சில வாரங்களோ தங்குகிறார்கள். (பெயரைக் கொண்டு கேரளத்தவர் என மயங்க வேண்டாம்.) இத்துறையில் எல்லோரும் மனப்பாடம் செய்யும் ஏழு கோட்பாடுகளை 1957இல் தொகுத்தவர் பீஸ்டெக் என்னும் அமெரிக்கப் பாதிரியார். அவற்றுள் ஒன்று இரகசியம் காத்தல். அது கதவைச் சாத்திக்கொள்ளத்தக்க ஓர் அறையை மனத்தில் கொண்டது. மலையூரில் பேச்சு நடப்பது திண்ணையில். மாமியாரும் அண்டை வீட்டாரும் உடனிருப்பார்கள். தனிமை வேண்டி ஓர் இளைஞர் அந்தப் பெண்ணோடு சாமைக் கொல்லைவரை நடந்தால், மாலைக்குள் அதுவே ஊர்ப்பேச்சாகும். பெண்களிடம் பேசப் பெண் பயிற்சியாளரே செல்வது, கேட்கக்கூடாத கேள்வியைக் கூட்டத்தின் நடுவே கேட்காதிருப்பது ஆகிய இரண்டும் பாடநூலில் இல்லாவிட்டாலும் இங்கே முதல் விதிகள்.

அடுத்தது குறிப்பேடு. 2015 ஏப்ரல் 7 அன்று, செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று கூறி ஆந்திரக் காவல்துறை சேஷாசலக் காட்டில் 20 பேரைச் சுட்டுக் கொன்றது. ஜவ்வாது மலையையும் சித்தேரி மலையையும் சேர்ந்தவர்கள் அவர்களில் இருந்தனர். அப்படியொரு நாளைக் கண்ட மலையில், 'வீட்டுக்காரர் எங்கே?' என்பது வெறும் குடும்ப விவரக் கேள்வி அன்று. பதிலை ஊர்ப்பெயரோடும் ஆள்பெயரோடும் களப்பணி அறிக்கையில் எழுதி, நகல் எடுத்து, வகுப்பில் வாசிப்பவர் தம்மை அறியாமலே ஒரு குடும்பத்தைக் காட்டிக்கொடுக்கக்கூடும். கதைக்குப் பொருள் தேடி மலையேறும் நம்மைப் போன்றவர்களுக்கும் இது பொருந்தும்.

எல்லாவற்றினும் கடினமானது வாக்குறுதி. பதினாறு வயதுப் பெண்ணொருத்தி, 'யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் அக்கா' என்று தொடங்குகிறாள் என்று கொள்வோம். 'சொல்ல மாட்டேன்' என்பதே இரக்கமுள்ள விடையாகத் தோன்றும். ஆனால் அவள் கருவுற்றிருக்கலாம், மணமானவளாகவும் இருக்கலாம். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு, குழந்தைக்கெதிரான பாலியல் குற்றத்தை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. பதினெட்டு நிரம்பாத மனைவிக்கும் பாதுகாப்பு உண்டு என்று 2017இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே காக்க இயலாத வாக்கைக் கொடுப்பது அன்பாகாது. 'உன் உயிருக்கோ உடலுக்கோ தீங்கு வரும் என்றால் நான் சிலரிடம் சொல்லியே ஆகவேண்டும்' என்பதை அவள் வாய் திறக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். பிறகு தனியே முடிவெடுக்காமல் அன்றே மேற்பார்வையாளரிடம் செல்ல வேண்டும். புகாருக்குப் பின் ஊர் அவளை எப்படிப் பார்க்கும், அவள் எங்கே தங்குவாள், மருத்துவமனைக்கு யார் உடன்செல்வார் என்பவற்றையும் சேர்த்து எண்ணாமல் காகிதத்தை மட்டும் அனுப்பிக் கைகழுவுவதும் அறமாகாது.

இவ்வளவு எல்லை வகுத்தால் மாணவர் இன்னொரு அரசு அலுவலர் ஆகிவிடமாட்டாரா என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான ஐயம். பரிசு வாங்கக்கூடாது என்ற விதியைப் பிடித்துக்கொண்டு, தட்டில் வைத்த களியை மறுப்பவர் அந்த வீட்டை அவமதிக்கிறார். உடன் உட்கார்ந்து உண்பது உறவு. புறப்படுகையில் தேன் போத்தலையும் பலாப்பழத்தையும் பையில் ஏற்றிக்கொள்வது வரும்படி. கைமாற்றாக ஐந்நூறு ரூபாய் கொடுப்பதும் அப்படியே: அடுத்த ஆண்டு வரும் மாணவரிடம் ஊர் கேட்கப்போவது அந்த ஐந்நூறைத்தான். மூக்கொழுகும் குழந்தையை இடுப்பில் வைத்துப் படமெடுத்துக் கைப்பேசியில் நாலு பேருக்கு அனுப்புவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தம் பிள்ளையை முன்பின் அறியாதவர் அப்படிப் படமெடுக்க நம்மில் யார் இசைவோம்?

பயிற்சி மாணவர் மதிப்பெண்ணோடு இறங்கிப் போய்விடுவார். மலையில் இருப்பவர்கள் இருந்தாகவேண்டும். எல்லைகள் அனைத்தும் இந்த ஒரு சமனின்மையிலிருந்தே பிறக்கின்றன. வந்த முதல் நாளே போகும் தேதியைச் சொல்லிவிடுவதும், பாதியில் நிற்கும் மனுக்களை யார் தொடர்வார் என்று பெயர் சொல்லிச் செல்வதும் கல்லூரிகள் கட்டாயமாக்க வேண்டிய நடைமுறைகள். அறிக்கையின் பக்க எண்ணிக்கைக்கு வழங்கும் மதிப்பெண்ணில் கொஞ்சத்தை, ஊரார் அந்த மாணவரைப் பற்றிச் சொல்வதற்கும் ஒதுக்கிவைக்கலாம்.