கடவுளோடு மொய்க் கணக்கு வேண்டாம்



நமக்கு வரும் கடிதங்கள் பல ஊர்களிலிருந்து வந்தாலும், அவற்றில் பெரும்பாலும் ஒரே வேதனைதான் தெரிகிறது. “தசமபாகம் தவறியதில்லை, வெள்ளிக்கிழமை உபவாசம் தவறியதில்லை. அப்படியும் எங்கள் வீட்டுக்கு ஏன் இந்த வியாதி?” என்று கேட்கிறார் ஒரு தாய். “ஆலயத்துக்கென்று பொருத்தனை பண்ணிய பணத்தை மகளின் காலேஜ் ஃபீஸுக்குக் கட்டிவிட்டேன். அதனால்தான் என் வேலை போனதா?” என்று ஒரு தகப்பன். இன்னொரு வீட்டில் வயதான அப்பா ராத்திரி முழுவதும் விழித்திருக்கிறாராம். “நான் என்னத்தச் செஞ்சிட்டேன், எந்த மூஞ்சியோட ஆண்டவர்கிட்டப் போவேன்” என்று அழுகிறாராம். அவருக்கு என்ன சொல்வது என்று மகன் கேட்கிறார்.

இவர்கள் எல்லோரும் சபையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். இரட்சிப்பு கிருபையினாலே, விசுவாசத்தைக் கொண்டு வருவது, கிரியைகளினால் அல்ல என்று ஞாயிறு பள்ளியிலேயே மனப்பாடம் செய்தவர்கள். பரீட்சை வைத்தால் நூற்றுக்கு நூறு வாங்குவார்கள். ஆனால் வீட்டில் கஷ்டம் வந்த ராத்திரியில் மனசு எதைத் தேடுகிறது? கல்யாண வீட்டு மொய் நோட்டை எடுத்துப் பார்ப்பதுபோல, நாம் இவ்வளவு எழுதினோமே, அங்கிருந்து திரும்ப என்ன வந்தது என்று பார்க்கிறது. அல்லது நாம் எழுத வேண்டியது பாக்கி இருக்கிறதோ என்று பயப்படுகிறது.

இந்தப் பயம் நம் ஜனங்களுக்கு மட்டும் உரியதல்ல. ஜான் வெஸ்லியை எடுத்துக்கொள்ளுங்கள். மெதடிஸ்டு இயக்கத்தின் தந்தை என்றுதான் அவரை அறிவோம். 35 வயது வரை அவர் பட்ட பாடு பலருக்குத் தெரியாது.

ஆக்ஸ்ஃபோர்டில் ஆசிரியர். அபிஷேகம் பெற்ற குருவானவர். புதனும் வெள்ளியும் உபவாசம். சிறைச்சாலைக்குப் போய்க் கைதிகளைப் பார்ப்பது, ஏழைப் பிள்ளைகளுக்குப் படிப்பு, தன் செலவைச் சுருக்கி மிச்சத்தைத் தானம் செய்வது என்று ஒன்றும் குறைவில்லை. ஒரு டைரி வைத்திருந்தார். ஒவ்வொரு மணி நேரத்தையும் எப்படிக் கழித்தோம், பக்தி எப்படி இருந்தது என்று அதில் குறித்துவைப்பார். இதற்குமேல் ஒரு மனிதன் என்ன செய்ய முடியும்? அதுவும் போதாதென்று 1735இல் ஊழியத்துக்காக அமெரிக்காவிலுள்ள ஜார்ஜியாவுக்குக் கப்பலேறினார்.

1736 ஜனவரியில் அட்லாண்டிக் கடலில் கடும் புயல். பாய் கிழிந்து, தண்ணீர் கப்பலின் தட்டுகளுக்கிடையே பாய்ந்தது. ஆங்கிலேயப் பயணிகள் அலறினார்கள். அதே கப்பலில் இருந்த மொரேவியர் என்ற ஜெர்மன் விசுவாசிகள் மட்டும் தங்கள் ஆராதனைப் பாட்டை நிறுத்தவில்லை. புயல் ஓய்ந்தபின் வெஸ்லி அவர்களில் ஒருவரிடம், உங்களுக்குப் பயமாக இல்லையா என்று விசாரித்தார். இல்லை என்றார் அவர். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும்கூடவா? அவர்களுக்கும் சாவைப் பற்றிய பயமில்லை என்று பதில் வந்தது. வெஸ்லிக்கோ பயம் இருந்தது. அத்தனை உபவாசத்துக்கும் பிறகு இருந்தது. டைரி நிறையக் குறிப்பு இருந்தும், சாகிற நேரத்தில் பிடித்துக்கொள்ள அதில் ஒன்றும் இல்லை என்பது அந்தக் கப்பலில் அவருக்குப் புரியத் தொடங்கியது.

ஜார்ஜியா ஊழியம் சரியாக அமையவில்லை. மனம் ஒடிந்துதான் ஊர் திரும்பினார். 1738 மே 24 அன்று மாலை, லண்டனில் ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த ஒரு சிறு கூட்டத்துக்கு அரை மனதோடு போனார். ரோமர் நிருபத்துக்கு மார்ட்டின் லூத்தர் எழுதிய முன்னுரையை அங்கே ஒருவர் வாசித்துக்கொண்டிருந்தார். ஒன்பது மணிக்குக் கால் மணி நேரம் இருக்கும்போது தன் உள்ளத்தில் ஓர் அனல் உண்டானதாகவும், இரட்சிப்புக்குக் கிறிஸ்து ஒருவரையே நம்புகிறேன் என்ற நிச்சயம் வந்ததாகவும் வெஸ்லி பிறகு எழுதினார்.

இந்தக் கதையில் நம் மண்ணுக்கும் ஒரு பங்கு உண்டு. டென்மார்க் அரசர் அனுப்பிய சீகன்பால்கும் புளூட்சோவும் 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கினார்கள். அவர்களுடைய ஊழியத்தைப் பற்றிய புத்தகம் ஒன்று இங்கிலாந்தில் எப்வொர்த் என்ற ஊரிலிருந்த வெஸ்லியின் தாயார் சுசன்னா கைக்குக் கிடைத்தது. அதை வாசித்தது அவரை உலுக்கிவிட்டது. தன் பிள்ளைகளின் ஆத்துமாவைப் பற்றி வாரத்தில் ஒவ்வொரு நாள் ஒவ்வொரு பிள்ளையோடு தனியாக உட்கார்ந்து பேசுவதென்று முடிவு செய்தார். வியாழக்கிழமை சிறுவன் ஜானுக்கு. 1712இல் கணவருக்கு எழுதிய கடிதத்தில் இதையெல்லாம் சொல்லியிருக்கிறார். தரங்கம்பாடியில் நடந்த வேலை எங்கோ ஒரு வீட்டில் ஒரு தாயையும் எட்டு வயதுப் பையனையும் எதிரெதிரே உட்காரவைத்திருக்கிறது! எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் மனம் நிறைந்துபோகிறது.

சரி, உங்களில் சிலர் கேட்க நினைப்பது எனக்குத் தெரிகிறது. விசுவாசித்தால் போதும் என்றால் யார் நல்லது செய்வார்கள்? சபையில் உரக்கச் சாட்சி சொல்லிவிட்டு, வீட்டில் வேலை செய்யும் பெண்ணின் சம்பளத்தை இழுத்தடிக்கிறவர்களை நாம் பார்த்ததில்லையா?

பார்த்திருக்கிறோம். அதை மறைக்க வேண்டாம். ஆனால் அது விசுவாசமே அல்ல என்றுதான் யாக்கோபு எழுதினார். உடையும் சாப்பாடும் இல்லாதவனிடம் சமாதானமாய்ப் போ என்று சொல்லி வெறுங்கையோடு அனுப்புவதால் என்ன பிரயோஜனம் என்று அவர் கேட்கிறார். வாயால் ஒப்புக்கொள்வது வேறு, ஒருவர்மேல் முழுப் பாரத்தையும் சாய்த்துவிடுவது வேறு. பவுலும் எபேசியருக்கு எழுதும்போது, கிரியைகளினால் அல்ல என்று சொன்ன கையோடு, நாம் நற்கிரியைகளுக்காகவே சிருஷ்டிக்கப்பட்டோம் என்கிறார். வரிசையைத்தான் கவனிக்க வேண்டும். முதலில் கிருபை. அதிலிருந்து கிரியை.

மே 24க்குப் பிறகு வெஸ்லி என்ன செய்தார் என்று பாருங்கள். ஓய்ந்து உட்காரவில்லை. அடுத்த ஆண்டே பிரிஸ்டல் பக்கம் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகளுக்குத் திறந்தவெளியில் பிரசங்கம். 1746இல் ஏழைகளுக்கு இலவச மருந்தகம். 1774இல் அடிமை வியாபாரத்தைக் கண்டித்து ஒரு சிறு நூல். 1791இல், சாவதற்குச் சில நாட்களுக்கு முன்னால், அடிமைத்தனத்தை எதிர்த்துப் போராடிய வில்பர்ஃபோர்ஸுக்கு உற்சாகமூட்டும் கடிதம். முன்பும் நல்லதுதான் செய்தார். ஆனால் முன்பு கைதியைப் பார்க்கப் போனபோது தன் ஆத்துமாவைப் பற்றிய கவலையும் கூடவே போயிற்று. பின்பு கைதிக்காகவே போக முடிந்தது.

எனக்கு இதில் மிகவும் முக்கியமாகப் படுவது இதுதான். மோட்சத்துக்காக ஓர் ஏழைக்குச் சோறு போட்டால், அந்த ஏழை என் ஏணி ஆகிவிடுகிறான். என் கண் அவன் இலையில் இல்லை, மேலே இருக்கிறது. மோட்சத்தைப் பற்றிய கவலை தீர்ந்தவனுக்குத்தான், பரிமாறும்போது, இவருக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு வேண்டுமோ என்று கவனிக்க நேரம் இருக்கும்.

குடும்பங்களிலும் இந்தக் கணக்கு செய்யும் கெடுதல் கொஞ்சநஞ்சமல்ல. மூத்த மருமகள் உபவாச ஜெபத்துக்கு ஒழுங்காகப் போகிறாள், சின்னவள் வேலைக்குப் போவதால் வர முடியவில்லை. உடனே வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் பழி சின்னவள்மேல். இளைய குமாரன் திரும்பி வந்த வீட்டில் மூத்தவன் விருந்துக்குள் வராமல் வாசலில் நின்ற கதையை நாம் எத்தனை தரம் கேட்டிருக்கிறோம்? இத்தனை வருஷமாகச் செய்த வேலையைச் சொல்லிக் காட்டித்தானே அவன் வெளியே நின்றான்?

கிருபையா, கிரியையா என்ற இதே உபதேசத்தில்தான் 16ஆம் நூற்றாண்டில் சபை பிளந்தது. அதே உபதேசத்தைப் பற்றி 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. நம் தகுதியால் அல்ல, கிருபையினால்தான் தேவன் நம்மை ஏற்றுக்கொள்கிறார் என்று இரண்டும் சேர்ந்து சொன்னன. 2006இல் மெதடிஸ்டுகளும் அதில் இணைந்தார்கள். எல்லா வித்தியாசமும் தீர்ந்துவிடவில்லை. ஆனாலும் கத்தோலிக்கக் குடும்பத்தில் சம்பந்தம் செய்த நம் வாசகர்கள் இதை உறவினரோடு பேசிப் பார்க்கலாம்.

கடிதம் எழுதியவர்களுக்கு வருகிறேன். அம்மா, வியாதி என்பது உங்கள் கணக்கில் விழுந்த அபராதம் அல்ல. பிறவிக் குருடனைப் பார்த்து யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, இவனுமல்ல, இவனைப் பெற்றவர்களுமல்ல என்றுதான் இயேசு பதில் சொன்னார். டாக்டர் சொன்ன மருந்தைத் தவறாமல் கொடுங்கள். உபவாசம் இருக்க ஆசைப்பட்டால் இருங்கள், பயந்து இருக்காதீர்கள். ஐயா, மகளின் ஃபீஸைக் கட்டியதற்காக ஆண்டவர் உங்கள் வேலையைப் பிடுங்கவில்லை. பொருத்தனையைப் பற்றி உறுத்தல் இருந்தால் உங்கள் ஆயரிடம் மனம்விட்டுப் பேசுங்கள். கையில் பணம் வரும்போது சந்தோஷமாகக் கொடுங்கள்.

அப்பாவைப் பற்றி எழுதிய தம்பிக்கு ஒன்று. அவர் செய்த நன்மைகளை அவருக்கு ஞாபகப்படுத்திச் சமாதானம் செய்யப் பார்க்காதீர்கள். ஒன்றுக்கு எதிராக அவருக்குப் பத்துக் குறை ஞாபகம் வரும். பக்கத்தில் உட்கார்ந்து, லூக்கா 23ஆம் அதிகாரத்தைச் சத்தமாக வாசியுங்கள். சிலுவையில் தொங்கிய அந்தக் கள்ளனிடம் காட்டுவதற்கு ஒரு நற்கிரியைகூட இல்லை, செய்வதற்கு இனி நேரமும் இல்லை. என்னை நினைத்தருளும் என்று கேட்டான், அவ்வளவுதான். அவனுக்கு அன்றைக்கே பதில் கிடைத்தது. காது மந்தமாக இருந்தால் மெதுவாக, இரண்டு தரம் வாசியுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்