185 கிலோமீட்டருக்கு 800 கிலோமீட்டர் சுற்று!

திருச்சிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் எவ்வளவு தூரம்? தேசப்படத்தை விரித்து, திருச்சி விமான நிலையத்தில் நூலின் ஒரு முனையையும் பலாலியில் மறுமுனையையும் வைத்துப் பாருங்கள். ஏறத்தாழ 185 கிலோமீட்டர்தான்! திருச்சியிலிருந்து சென்னைக்கு உள்ள தூரத்தை விடக் குறைவு.

ஆனால், யாழ்ப்பாணத்து உழைப்பாளி ஒருவர் விமானத்தில் திருச்சிக்கு வர நீண்ட காலம் என்ன செய்ய வேண்டியிருந்தது? தெற்கே கொழும்பு வரை சுமார் 400 கிலோமீட்டர் தரைவழிப் பயணம். அங்கே விமானம் ஏறி, மீண்டும் வடக்கு நோக்கித் திருச்சிக்கு ஏறத்தாழ 420 கிலோமீட்டர். தலையைச் சுற்றி மூக்கைத் தொட்ட கதைதான் இது! கடல் அகலவில்லை, கரையும் நகரவில்லை. பிறகு தூரத்தை வளர்த்தது யார்?

பழைய வரலாறு பதில் சொல்லும். 1947 டிசம்பரில் ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகத்தான் சென்னைக்கு வந்தது. அன்று திறந்திருந்த வாசலைப் பின்னாளில் போர் அடைத்தது. பலாலி படைத்தளமாயிற்று. போர் 2009-இல் முடிந்தும், வாசல் திறக்கப் பத்தாண்டுகள் பிடித்தன! 2019 அக்டோபரில் பன்னாட்டு விமான நிலையமாக அது திறக்கப்பட்டது. சென்னைக்கு விமானமும் வந்தது. 2020-இல் கொரோனா அதை நிறுத்த, 2022 டிசம்பரில்தான் மீண்டும் பறந்தது. திருச்சிக்கு நேர் விமானம் 2025 மார்ச் 30-இல் தொடங்கியது.

விமானத்தின் வேகம் மணிக்கு 500 கிலோமீட்டர் என்றால் 185 கிலோமீட்டருக்கு அரை மணி கூட ஆகாதே, அட்டவணையில் ஏன் ஏறத்தாழ ஒரு மணி நேரம் என்று தோழர்கள் கேட்கலாம். தரையில் ஊர்ந்து ஓடுபாதைக்குச் செல்லவும், மேலேறவும், கீழிறங்கவும், ஓடுபாதைக்கு நேராக வரவும் நேரம் பிடிக்கிறது. முழு வேகத்தில் பறப்பது சொற்ப நேரமே. கடவுச்சீட்டுச் சோதனைக்கும் சுங்கத்துக்கும் காத்திருக்கும் நேரம் வேறு. அப்படியிருந்தும் இரண்டு நாள் அலைச்சல் அரை நாளாகச் சுருங்குகிறதே, அதுவே ஆதாயம்!

ஆயினும் வேலை முடிந்துவிடவில்லை. 2019-இல் சீரமைத்த பலாலி ஓடுபாதையின் நீளம் சுமார் 1,400 மீட்டர். எழுபது பேர் அளவில் ஏற்றும் சிறு விமானத்துக்கே அது போதும். பெரிய விமானம் இறங்க ஓடுபாதை நீள வேண்டும். அதற்கு நிலம் வேண்டும். யாருடைய நிலம்? அங்கேதான் முள் இருக்கிறது!

1990-இல் வலிகாமம் வடக்கு மக்கள் வீட்டையும் வயலையும் விட்டு வெளியேறினார்கள். பின்னர் நிலம் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டது. எஞ்சியதற்காகக் காத்துக் கிடக்கும் குடும்பங்கள் இன்னும் உண்டு. வளர்ச்சியின் பெயரால் அவர்களை இரண்டாம் முறை வெளியேற்றுவது நீதியாகுமா?

ஓடுபாதை நீளட்டும், உழவனின் காணி சுருங்க வேண்டாம். எடுக்கும் ஒவ்வோர் அடிக்கும் உரியவரின் சம்மதமும் உரிய விலையும் வேண்டும். கட்டணமும் கூலிக்காரனின் கைக்கு எட்ட வேண்டும். காசுள்ளவனுக்கு மட்டும் 185 கிலோமீட்டர், உழைப்பவனுக்கு 800 கிலோமீட்டர் என்றால் வாசல் பாதிதான் திறந்திருக்கிறது என்று பொருள்!