முகமூடியும் வாசற் கதவும்

ஒக்ரோபர் மாதத்து இறுதி நாள் மாலையில், கனடாவிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் சிறுவர் சிறுமியர் பேயாகவும் எலும்புக்கூடாகவும் சூனியக்காரியாகவும் வேடம் புனைந்து, அயல் வீடுகள் தோறும் சென்று, கதவைத் தட்டி இனிப்புக் கேட்டுப் பெறுவர். ஹலோவீன் என்பது இந்நாளின் பெயர். இப்பத்தியிலே இதற்கு என்ன வேலை என்று அன்பர்கள் சிலர் புருவம் நெரிக்கக்கூடும். 1983ஆம் ஆண்டின் பின்னர் இந்நாட்டை விட்டுப் போன எம்மவருள் பெருந்தொகையினர் குடியேறிய நாடு கனடா. அவர்தம் பேரப்பிள்ளைகள் இன்று றொறன்ரோப் பள்ளிக்கூடங்களிற் பயில்கின்றனர். ஒக்ரோபர் பிறந்ததும் அவ்வீடுகளில் ஒரு வழக்குத் தொடங்குகின்றது. வாதி எட்டு வயதுப் பிள்ளை. எதிர்வாதிகள் தாய் தந்தையர். எதிர்வாதிகளின் அப்புக்காத்தாகத் தோன்றுபவர், பருத்தித்துறையிலிருந்தோ சாவகச்சேரியிலிருந்தோ தொலைபேசியிற் பேசும் அம்மம்மா. அம்மம்மா எடுத்துரைக்கும் நியாயங்களை நாம் பலர் வாயிலாகக் கேட்டிருக்கின்றோம். அவற்றை எடைபோட்டுப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

முதல் நியாயம், “பிள்ளையை வீடு வீடாகப் பிச்சைக்கு விடுவதா?” என்பது. யாழ்ப்பாணத்து வீட்டின் மானம் இதில் அடங்கியிருக்கின்றது. எள்ளி நகையாடத் தக்க நியாயமன்று. காணி விற்று, கடன்பட்டுக் கடல் கடந்த குடும்பத்துப் பிள்ளை, கையிலொரு பையுடன் அந்நியர் வாசலில் நிற்பதை எந்தப் பாட்டி பொறுப்பாள்? ஆயினும் இவ்வழக்கத்தின் வேரைப் பார்த்தல் தகும். இடைக்கால இங்கிலாந்திலே, நவம்பர் மாதத்தின் முதல் நாட்களில் ஏழை மக்கள் வீடு வீடாகச் சென்றனர். அவ்வவ் வீட்டில் இறந்தோரின் ஆன்மாவுக்காகச் செபிப்பதாக வாக்களித்தனர். அதற்கு ஈடாகச் சிறு அப்பங்களைப் பெற்றனர். சட்ட மொழியிற் கூறுவதாயின் இது கைம்மாறுள்ள ஓர் ஒப்பந்தம், பிச்சையன்று. எம் ஊர்களிலே மார்கழி மாதத்து வைகறையில் இளைஞர்கள் சங்கும் சேமக்கலமும் கொண்டு, திருவெம்பாவை பாடி ஒழுங்கை ஒழுங்கையாக வருவதில்லையா? அவர்களைப் பிச்சைக்காரர் என்று எந்த வீட்டாரும் சொன்னதில்லை. வாசலுக்கு வருவோரை வரச் செய்வது வழக்காறு. வழக்காறு உள்ளவிடத்து இழிவு இல்லை.

இரண்டாவது நியாயம் பேய் பற்றியது. விளையாட்டாகவேனும் பேயை வீட்டுக்குள் அழைக்கலாகாது என்பர். இதனைச் சொல்லும் எம் மக்களே, கட்டி முடியாத வீட்டின் முகட்டில் கொடிய முகம் வரைந்த வெருளியைக் கட்டித் தொங்கவிடுகின்றனர். நாவூறு கழிப்பதற்கு நீற்றுப்பூசணியை வெட்டிக் குங்குமம் பூசித் தெருவில் எறிகின்றனர். பயங்கர முகம் காட்டிப் பயங்கரத்தை விரட்டும் இக்கலையில் எம்மவர் எவருக்கும் இளைத்தவரல்லர். அயர்லாந்து நாட்டுக் குடியானவன் கிழங்கு வகையான ரேணிப்பைக் குடைந்து, கண்ணும் வாயும் வெட்டி, உள்ளே விளக்கேற்றி வாசலில் வைத்தான். அமெரிக்கா சென்றபின் அங்கு மலிந்திருந்த பூசணியை எடுத்துக்கொண்டான். எமது கமக்கார அன்பர்கள் அறிந்து வியக்கத்தக்க செய்தி ஒன்று இங்கே உண்டு. மாசச்சூசெட்ஸ் மாநிலத்து விவசாயி ஜோன் ஹவுடன் என்பவர், முகம் வெட்டுதற்கென்றே தெரிந்தெடுத்து ஒரு பூசணி இனத்தை உருவாக்கினார். தடித்த காம்பு, உறுதியான தோல், ஒரே சீரான நிறம். சுவை மாத்திரம் இல்லை. உண்பதற்கன்றி ஓரிரவு ஒளிர்வதற்கென்று தோட்டம் செய்வது எமக்கு நெஞ்சு பொறுக்காத செயலே. அம்மம்மா இந்த நியாயத்தை முன்வைத்திருந்தால் நாமும் அவர் பக்கமே நின்றிருப்போம்.

மூன்றாவது, இது பிறர் மதம் என்பது. சைவ வீட்டார் இதனைக் கிறித்தவத் திருநாளென்று ஒதுக்குகின்றனர். கிறித்தவ சபைகள் சிலவோ இதனைச் சாத்தானின் திருநாளென்று ஒதுக்கி, அன்றிரவு சபை மண்டபத்தில் அறுவடை விழா நடத்துகின்றன. ஒன்றையொன்று மறுக்கும் இரு குற்றச்சாட்டுகள் ஒரே குற்றப் பத்திரத்தில் இருப்பின், எந்த நீதவானும் ஏட்டை மூடி வைத்துவிடுவார். மெய் இரண்டுக்கும் நடுவில் உள்ளது. மேய்ச்சல் நிலத்திலிருந்து மாடுகளைத் திரும்பக் கொணர்ந்து மாரிக்கு ஆயத்தம் செய்யும் காலமாக அயர்லாந்தின் பழங்குடிகள் இந்நாளைக் கொண்டனர். 835ஆம் ஆண்டளவில் பாப்பரசர் நான்காம் கிரகோரி காலத்தில் நவம்பர் 1 சகல புனிதர் திருநாளாகப் பிராங்கியப் பேரரசெங்கும் பரவியது. நவம்பர் 2 மரித்தோரின் நாளாக வளர்ந்தது. அந்நாளிலே இன்றும் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் கத்தோலிக்கச் சேமக்காலைகளில் கல்லறை தோறும் மெழுகுதிரி ஒளிர்கின்றது. அதற்கு இரண்டு நாள் முன்னர் றொறன்ரோவிற் பூசணிக்குள் ஒளிர்ந்த திரியும் அதே குடும்பத்தது. சைவருக்கும் ஆடி அமாவாசை உண்டு, கீரிமலை உண்டு, இறந்த தாயை நினைத்துச் சித்திரைக் கஞ்சி வார்க்கும் பௌர்ணமி உண்டு. இறந்தோருக்கு ஆண்டில் ஒருநாள் ஒதுக்காத மக்கள் குலத்தைக் காண்டல் அரிது.

இந்நாளை அமெரிக்காவுக்குக் கொண்டு சென்றவர் யாவர் என்பதையும் எம்மவர் அறிதல் வேண்டும். ஸ்கொத்லாந்து மக்களும் கொண்டு சென்றனர். ஆனால் பெருந்திரளாகக் கொண்டு சென்றவர் அயர்லாந்து மக்கள். 1845 முதல் 1852 வரை உருளைக்கிழங்கு அழுகி நாடு பட்டினி கிடந்தது. பத்து இலட்சம் பேரளவில் மாண்டனர். அதனினும் மிகுதியானோர் கப்பலேறினர். அவ்வேளையிலும் அந்நாட்டுத் தானியம் துறைமுகங்களினூடாக வெளியே சென்றுகொண்டிருந்தது. அகதியாய்ப் போன அம்மக்களிடையே தாய்மொழி தேய்ந்தது. இந்நாள் தேயவில்லை. அது பெற்ற மக்களைவிட்டுப் பிரிந்து, அங்காடி வணிகர் கைக்குப் போய், இன்று இனிப்பும் உடுப்பும் விற்கும் நாளாகிவிட்டது என்பது வேறு கதை.

ஆக, அம்மம்மாவின் மூன்று நியாயங்களும் விசாரணையில் நிலைக்கவில்லை. எனினும் வழக்குத் தள்ளப்படவில்லை. ஏனெனில், வாயால் உரைக்கப்படாத நான்காவது நியாயம் ஒன்று உண்டென்பது எமது துணிபு. பிச்சையும் பேயும் மதமும் அதற்கு இட்ட போர்வைகள்.

இருட்டியபின் கதவு தட்டப்படுகின்றது. திறந்தால் முகமூடி அணிந்த உருவம் நிற்கின்றது. இவ்விரு வாக்கியங்களைக் கனடாவிற் பிறந்த பிள்ளை கேட்டாற் சிரிக்கும். 1980களிலே வடக்குக் கிழக்கில் வாழ்ந்தவர் கேட்டால்? சுற்றிவளைப்புகளில் ஊர் ஆண்களை வரிசையில் நடத்திச் சென்ற வேளை, முகத்தை மூடித் துணியில் கண்ணுக்கு மாத்திரம் துளையிட்ட ஒருவன் முன்னே இருந்தான். அவன் தலையை அசைத்தால் பிள்ளை லொறியில் ஏறினான். அசைக்காவிட்டால் வீட்டுக்கு வந்தான். ‘தலையாட்டி’ என்ற சொல்லுக்கு இன்னும் எம் ஊர்களில் விளக்கம் தேவையில்லை. இலங்கைப் படையின் காலத்திலும், 1987 முதல் 1990 வரை இந்தியப் படையின் காலத்திலும் இக்காட்சி ஒன்றாகவே இருந்தது. முகமூடிக்குப் பின்னே இருந்தவன் அயலவனாகவும் இருந்திருக்கலாம், தன் பிள்ளையோடு படித்தவனாகவும் இருந்திருக்கலாம். கொடுமை அதிலேதான் இருந்தது. ஸ்காபரோவில் ஒக்ரோபர் 31 இரவில் விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, பின்னறையில் ஓசையின்றி அமர்ந்திருக்கும் முதியவர் பேய்க்கு அஞ்சவில்லை.

கதவைப் பற்றிச் சட்டம் சொல்வதையும் இங்கே ஒப்புநோக்குவோம். புளோரிடா மாநிலத்தில் பொலிசார் பிடியாணையோ தேடுதல் ஆணையோ இன்றி, மோப்பநாயுடன் ஒருவர் வீட்டு வாசற்படிக்குச் சென்று கஞ்சா தேடினர். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், 2013ஆம் ஆண்டில் தீர்ப்பாயிற்று. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதியரசர் அன்ரனின் ஸ்காலியா, வாசல்வரை வந்து கதவைத் தட்டிச் சிறிது நின்று, அழைப்பு இல்லையேல் திரும்பிச் செல்வதற்கு வழக்காறே எவருக்கும் அனுமதி தந்துள்ளது என்றார்; ஹலோவீன் சிறுவருக்கே இவ்வனுமதியின் எல்லை நன்கு தெரியுமே என்றும் எடுத்துக் காட்டினார். நாயோடு வந்த அரசுக்கு அவ்வனுமதி இல்லை என்பது முடிபு. இனிப்புக் கேட்கும் எட்டு வயதுப் பிள்ளைக்கு இருக்கும் உரிமை பொலிசுக்கு இல்லை! இதனை வாசித்தபோது, எமது நாட்டின் 1979ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் ஆறாம் பிரிவு எம் நினைவுக்கு வந்தது. பொலிஸ் அத்தியட்சருக்கோ, அவர் எழுத்தில் அதிகாரமளித்த உப பரிசோதகருக்கோ, எவ்வித ஆணையுமின்றி எந்த மனையிலும் புகுந்து தேடவும், ஆளைக் கைதுசெய்யவும் அப்பிரிவு அதிகாரம் தந்தது. பிடிபட்டவரைக் குற்றச்சாட்டின்றிப் பதினெட்டு மாதம் வரை தடுத்து வைக்கவும் அச்சட்டம் இடமளித்தது. அச்சட்டத்தின் கீழ்த் தட்டப்பட்ட கதவுகளைத் திறந்த தாய்மார்தான் இன்று கனடாவில் அம்மம்மாக்கள்.

அமெரிக்கக் கதவுகள் யாவும் அன்பாகத் திறந்தன என்று நாம் சாதிக்க முன்வரவில்லை. 1992ஆம் ஆண்டு ஒக்ரோபர் 17ஆம் நாள், லூசியானா மாநிலத்துப் பட்டன் ரூஜ் நகரில், பதினாறு வயது யப்பானிய மாணவன் ஒருவன் ஹலோவீன் விருந்தொன்றுக்குச் சென்றான். வெள்ளை உடையில் நடனக்காரன் வேடம். வழி தவறி வேறொரு வீட்டு மணியை அழுத்தினான். வீட்டுக்காரர் துப்பாக்கியுடன் தோன்றி, அசையாதே என்ற பொருள்படும் ஆங்கிலச் சொல்லைக் கூவினார். ஆங்கிலம் கற்றுக்கொண்டிருந்த அப்பையனுக்கு அக்கட்டளை விளங்கவில்லை என்றே கருதப்பட்டது. முன்னே வந்தான், சுடப்பட்டு இறந்தான். யூரி 1993இல் சுட்டவரை விடுவித்தது. அடுத்த ஆண்டு குடியியல் நீதிமன்றம் அவர்மீதே பொறுப்புச் சுமத்தி, ஆறரை இலட்சம் டொலர் இழப்பீடு விதித்தது. தன் மொழியல்லாத மொழியில் இடப்பட்ட கட்டளையின் முன், விளங்காமல் ஓரடி எடுத்து வைத்தால் என்ன நேரும் என்பதைக் காவலரண்களைக் கடந்து பழகிய எமக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. அம்மாணவனின் பெற்றோர் துப்பாக்கிக் கட்டுப்பாட்டை வேண்டிப் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட கையொப்பங்களைத் திரட்டி அமெரிக்க சனாதிபதியிடம் கொண்டு சேர்த்தனர். பழி சொல்லிக்கொண்டிருக்காது கையொப்பம் திரட்டப் புறப்பட்ட அப்பெற்றோரை நாம் வணங்குகின்றோம்.

அந்நியர் தரும் இனிப்பில் நஞ்சு இருக்குமென்ற அச்சம் பற்றியும் ஒரு சொல். இவ்வச்சம் எம்மவர்க்கு மாத்திரம் உரியதன்று. அமெரிக்கத் தாய்மாரும் இனிப்புகளைக் கொட்டிச் சோதிக்கின்றனர். சமூகவியலாளர் ஜோயல் பெஸ்ற் 1958 முதலான பத்திரிகைச் செய்திகளை ஆராய்ந்து, முன்பின் தெரியாத ஒருவர் அந்நாளில் நஞ்சூட்டிக் குழந்தை இறந்ததாக நிறுவப்பட்ட செய்தி ஒன்றேனும் இல்லையெனக் கண்டார். 1974இல் ரெக்சாஸ் மாநிலத்தில் எட்டு வயதுப் பையன் ஒருவன் சயனைட் கலந்த இனிப்புண்டு இறந்தது மெய். கலந்தவர் அந்நியரல்லர். காப்புறுதிப் பணத்துக்காகப் பெற்ற தந்தையே அதனைச் செய்தார். 1984இல் அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அயலவர்மேற் சுமத்திய குற்றம் வீட்டுக்குள்ளேயே இருந்தது.

இனிப் பெற்றோர் யாது செய்வது? பிள்ளையைத் தடுத்து நிறுத்துவதில் நாம் நியாயம் காணவில்லை. அயற் சிறுவர் யாவரும் போகும் இரவில் ஒருவனை மாத்திரம் சன்னலோரத்தில் இருத்தி வைத்தால், அவன் தன் பண்பாட்டைப் பற்றிக் கற்பது ஒன்றே ஒன்று: அது தன்னை வீட்டுக்குள் பூட்டியது என்பது. போய் வரட்டும், வேடம் பேயாகவே இருக்கட்டும். தாயகத்திலே ஆயிரக்கணக்கான குடும்பங்கள் காணாமல் ஆக்கப்பட்ட தம் பிள்ளைகளுக்காக ஆண்டுக்கணக்கில் தெருவோரக் கொட்டில்களில் இருந்தன. அவர்கள் இறந்தோருக்கான படையலும் வைக்க முடியாமல், வருவாரென்ற நம்பிக்கையும் விட முடியாமல் இருந்தோர். இறந்தோரை விளையாட்டாக நினைக்கும் பேறு ஒரு தலைமுறைக்கு வாய்க்குமாயின், அதை நாம் பறிக்க விரும்பவில்லை.

ஆனால் வீட்டிலிருக்கும் முதியவரின் மனத்தையும் மதித்தல் வேண்டும். அந்நாட்டு வழக்காற்றிலேயே அதற்கு வழி இருக்கின்றது. வாசல் விளக்கு எரியும் வீட்டைத்தான் சிறுவர் தட்டுவர். இருண்ட வாசலைக் கடந்து போய்விடுவர். விளக்கை ஏற்றுவதா அணைப்பதா என்பதை அம்மம்மாவிடமே கேளுங்கள். அணைக்கச் சொன்னால் அணைத்துவிடுங்கள். ஏன் எங்கள் வீடு மாத்திரம் இருட்டாக இருக்கின்றது என்று, பை நிறைய இனிப்புடன் திரும்பி வரும் பிள்ளை கேட்கும். இது எங்கள் பண்பாடு அன்று என்ற விடையை அப்போது சொல்லிவிடாதீர்கள். தலையாட்டி என்றால் என்ன என்று, பிள்ளைக்கு விளங்கும் சொற்களில், அம்மம்மாவே சொல்லட்டும்.