பிறந்த தேதி எங்கே?



பிப்ரவரித் திங்கள் 28ஆம் நாள் தேசிய அறிவியல் நாள். 1928இல் அந்நாளில் சர் சி. வி. இராமன் தம் பெயரால் வழங்கும் ஒளிச்சிதறல் விளைவைக் கண்டறிந்ததை நினைவுகூர்ந்து, 1987 முதல் கொண்டாடப்படுகிறது. அதனையொட்டி, அறிவியலறிஞர் ஒருவரின் வாழ்க்கைக் குறிப்பை ஒரு பக்க அளவில் எழுதிவருமாறு பள்ளிகளில் பணிப்பது வழக்கம். திருவிடந்தை, கோவளம் கரையோரப் பிள்ளைகள் சிலர் மாலைநேரப் படிப்புக்கு நம்மிடம் வருகின்றனர். இவ்வாண்டு அவர்களுக்கு வாய்த்தவர் பேராசிரியர் ஜி. என். இராமச்சந்திரன்.

ஏழு குறிப்பேடுகளைப் புரட்டினோம். ஏழிலும் முதல் வரி ஒன்றே: 1922 அக்டோபர் 8ஆம் நாள் எர்ணாகுளத்தில் பிறந்தார். இரண்டாம் வரியும் ஒன்றே. அண்ணனோ அக்காளோ கைப்பேசியில் தேடித் தந்ததைப் பிள்ளைகள் எழுத்துப் பிசகாமல் படியெடுத்திருந்தனர். "இவர் என்னதான் செய்தார்?" என்று கேட்டோம். "ஆராய்ச்சி செய்தார், சாமி" என்றனர். அதற்குமேல் பேச்சில்லை.

குறிப்பேடுகளை மூடச் சொல்லிவிட்டு, ஒரு சிறுவனிடம் அவன் பாட்டனாரைப் பற்றிக் கேட்டோம். "எங்க தாத்தா கரையில நின்னபடியே தண்ணி நிறத்தைப் பார்த்து மீன் எங்க இருக்குன்னு சொல்லிடுவாரு" என்று தொடங்கினான். பாட்டனார் பிறந்த ஆண்டு அவனுக்குத் தெரியவில்லை. ஆயினும் அம்மனிதரை நாம் கண்ணால் கண்டுவிட்டோம். இவ்வாறே பேராசிரியரைப் பற்றியும் எழுதலாமே என்றோம்.

அவர் ஆராய்ந்த பொருள் கொலாஜன் என்னும் புரதம். நம் தோலுக்கும் எலும்புக்கும் தசைநாணுக்கும் உறுதி தருவது. மீன்தோலிலும் செதிலிலும் உள்ளது. அது எவ்வாறு அமைந்துள்ளது என்பதை உலகின் பெரிய ஆய்வுக்கூடங்களே தீர்க்கமாட்டாதிருந்த காலத்தில், 1952இல், இராமச்சந்திரன் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்தார். முன்னர்த் திருச்சி தூய வளனார் கல்லூரியில் இயேசு சபைக் குருக்களிடம் பயின்றவர் என்பதை இங்கே சொல்லாதிருக்க நமக்கு மனம் ஒப்பவில்லை! கோபிநாத் கர்த்தா என்னும் இளம் ஆய்வாளரும் அவரும் கங்காருவின் வால் தசைநாணில் எக்ஸ் கதிரைச் செலுத்திப் படம் எடுத்தனர். கங்காரு என்றதும் பிள்ளைகள் சிரித்தார்கள். ஆனால் அதற்குப்பின் ஒருவரும் கொட்டாவி விடவில்லை.

1954இல் இருவரும் 'நேச்சர்' இதழில் தம் முடிவை வெளியிட்டனர். மூன்று சுருள்கள் அருகருகே நிற்கும் அமைப்பு அது. மறு ஆண்டே அதனைத் திருத்தி, மூன்றும் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொண்டுள்ளன என்றனர். இதை விளக்க நமக்கு வேறு கருவி தேவைப்படவில்லை. ஒரு சிறுவன் வெளியே ஓடி, மூன்று புரிக் கயிற்றுத் துண்டொன்றைக் கொண்டுவந்து, புரியைப் பிரித்துக் காட்டி, மீண்டும் முறுக்கினான்.

ஆயினும் வழக்கு முடியவில்லை. டி.என்.ஏ. அமைப்பைக் கண்ட இருவருள் ஒருவராகிய பிரான்சிஸ் கிரிக் முதலானோர், இவர் அமைப்பில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியிருக்கின்றன என்று மறுத்தனர். இராமச்சந்திரன் சினந்து ஒதுங்கவில்லை. அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்பதையே அடிமுதல் ஆராயப் புகுந்தார். அதிலிருந்து பிறந்ததே, இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் 1963இல் அவர் வெளியிட்ட 'இராமச்சந்திரன் வரைபடம்'. புரதத்தின் வடிவைக் கணிப்போர் இன்றும் அதனைக் கொண்டே தம் கணிப்பைச் சரிபார்க்கின்றனர்.

"அவர் தப்பைச் சொன்னா மரியாதை குறையாதா, சாமி?" என்றாள் ஒரு சிறுமி. பேதுரு ஆண்டவரை மறுதலித்ததை நற்செய்தியாளர் நால்வருமே எழுதிவைத்தனர். அதனால் அவர் சிறுமைப்பட்டாரா என்று கேட்டோம். இந்தப் பாடத்தை நாம் தாமதமாகக் கற்றோம் என்பதும் உண்மை. குருமடத்தில் புனிதர் ஒருவரின் வரலாற்றை, அவருக்குக் காய்ச்சல்கூட வராததுபோல எழுதிக் கொடுத்தோம். "இவர் தரையில் நடந்தாரா?" என்ற ஒரே வரியோடு தாள் திரும்பி வந்தது.

அதே சிறுமியின் குறிப்பேட்டில், பேராசிரியர் நோபல் பரிசு பெற்றார் என்றிருந்தது. பெறவில்லை. சிதம்பரத்தில் பிறந்து 2009இல் அப்பரிசைப் பெற்ற வெங்கட்ராமன் இராமகிருஷ்ணனோடு குழப்பிக்கொண்டாள் போலும். அடிக்கச் சொன்னோம். முகம் வாடியது. அழைத்துப்போக வந்த தாயார், "இருக்கட்டுமே சாமி, யார் பார்க்கப்போறாங்க? மார்க் போயிடுமே" என்றார். கூடை சுமந்து பிள்ளையைப் படிக்கவைக்கும் அத்தாயைக் கடிந்துகொள்ள நமக்கு நா எழவில்லை. மதிப்பெண் அவருக்குச் சிறிய பொருளன்று. "நடந்ததை எழுதியே பார்க்கட்டும், அம்மா" என்று மட்டும் சொன்னோம். உண்மையைச் சொன்னால் இழப்பு வராது என்று உறுதி கூற நம்மால் இயலவில்லை.

சிறுமி அன்றிரவே அனைத்தையும் மாற்றி எழுதினாள். 'நம் தோலுக்குள் ஒரு கயிறு இருக்கிறது. அதை முதலில் பிரித்துப் பார்த்தவர் சென்னையில் இருந்தார்' என்பது அவளது முதல் வரி. கர்த்தாவின் பெயரை விடவில்லை, மறுப்பையும் விடவில்லை. 2001 ஏப்ரல் 7ஆம் நாள் பேராசிரியர் மறைந்ததோடு முடித்திருந்தாள்.

மறுவாரம் குறிப்பேடு பத்துக்கு ஏழு மதிப்பெண்ணுடன் திரும்பியது. முதல் வரியின் ஓரத்தில் சிவப்பு மையால், 'பிறந்த தேதி எங்கே?' என்றிருந்தது. அது மூன்றாம் பத்தியில் இருந்தது.