வாத்து முட்டைக்கு எதுக்குங்க இவ்ளோ தண்ணி?

"வாத்து தண்ணியில கிடக்கிற ஜீவன், அதனால இன்குபேட்டர்ல தண்ணி நிறைய ஊத்தணும்." இதைவிடப் பெரிய மூடநம்பிக்கை கிடையாதுங்க. நானும் நம்பி, போன தடவை 12 முட்டையில 8-ஐக் கோட்டை விட்டேன். 28 நாள் தாண்டி உடைச்சுப் பார்த்தா, முழுசா வளர்ந்த குஞ்சு உள்ளேயே ஈரத்தோட செத்துக் கிடக்கு. மனசே ஆறலை.

விஷயம் இதுதான். ஓட்டு வழியா ஈரம் வெளியேறினாத்தான் உள்ளே காற்றறை பெருசாகும். குஞ்சு முதல் மூச்சு விடறது அங்கேதான். சென்னைக் காத்துல ஏற்கனவே ஈரம் ஏகத்துக்கு, அதுல நாம வேற ஊத்தினா?

பொட்டி தட்டற புத்தி, மீட்டர் 55% காட்டினா அப்படியே நம்பிடுவோம். மலிவு மீட்டர் கூசாம பொய் சொல்லும், தராசு சொல்லாது. 25 நாள்ல எடை சுமார் 13% குறையணும். அதாவது 70 கிராம் முட்டை 61-க்கு வரணும். வாராவாரம் எடை போடுங்க. மெதுவா குறைஞ்சா தண்ணியைக் குறைங்க, வேகமா குறைஞ்சா சேருங்க. கடைசி 3 நாள் மட்டும் 70%-க்கு மேல ஏத்திட்டு மூடியைத் தொடாதீங்க.

இந்தத் தடவை 12-க்கு 9 குஞ்சு! சமையல்கட்டுத் தராசைக் காணோம்னு அம்மா தேடறது தனிக்கதை :-)